ரீப்பர்ல ஒரு மாதிரி, ரெண்டர் ஃபைல்ல வேற மாதிரி கேட்குது. ஏன்?

ஆடிமாசப்பாட்டு:
வணக்கம். ரீப்பர்ங்கிற மியூசிக் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ஒரு அம்மன் பாட்டு மிக்ஸ் பண்ணிட்டு இருக்கேன். பெண் குரல், பம்பை, உடுக்கை, ஸ்ட்ரிங்ஸ், கீழே ஒரு சிந்த் பாஸ். குரல் மட்டும் மைக்கில் எடுத்தது, மத்தது எல்லாம் சாம்பிளர் (பதிவு செஞ்ச வாத்திய ஒலியை வாசிக்கிறது), சிந்த் (ஒலியைத் தானே உருவாக்குறது). ரீப்பர்ல ஓடவிட்டா குரல் முகத்துக்கு நேரா நிக்குது, பம்பை ரெண்டு பக்கமும் விரிஞ்சு கேட்குது. ரெண்டர் எடுத்து, அதாவது முழுப் பாட்டையும் ஒரே ஆடியோ ஃபைலா இறக்கி, அந்த ஃபைலை லேப்டாப் பிளேயர்ல திறந்தா பாஸ் வீங்கி, குரல் ரெண்டடி பின்னாடி போயிடுது. போன்ல போட்டா பம்பையையே காணோம். முழுக்க இல்லாமப் போகலை, நகத்தால சுரண்டுற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வருது.

லேப்டாப்ல ரெண்டு தடவையும் அதே ஹெட்போன், அதே ஆடியோ இன்டர்ஃபேஸ். 24 பிட் வேவ், 48 கிலோஹெர்ட்ஸ், ப்ராஜெக்டும் 48தான். மாஸ்டர்ல (எல்லா டிராக்கும் சேர்ற கடைசி இடம்) ஒரு ஈக்யூ, சிகரங்களை அமுக்குற ஒரு லிமிட்டர். ரெண்டர்ல எந்த செட்டிங்கை மாத்தணும்? இல்ல சாஃப்ட்வேரையே மாத்திடலாமா?

பீட்_தம்பி:
எஃப்எல் ஸ்டுடியோ சாஃப்ட்வேருக்கு வந்துடுங்க ப்ரோ. ரீப்பர் சவுண்டு எப்பவும் கொஞ்சம் டல்லுதான். எஃப்எல் சவுண்டே தனி.

கும்பகோணம்_கீஸ்:
ஃபுல் ஸ்பீடு ஆஃப்லைன் வெச்சிருக்கீங்களா? ஆன்லைன் ரெண்டர்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், பாட்டு ஓடுற வேகத்துலயே எடுக்கிறது, அதுல எடுத்துப் பாருங்க. பெரிய சாம்பிள் லைப்ரரிகள் ஹார்ட் டிஸ்க்ல இருந்து அப்பப்ப இழுத்துத்தான் வாசிக்கும். சிலது ஆஃப்லைன் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாம நோட்டை விட்டுடும்.

ஒலிப்பித்தன்:
தம்பி, இப்போதைக்கு எந்த செட்டிங்கையும் தொடாதீங்க. ஃபைல் மாறுதா, இல்ல அந்த ஃபைல் காதுக்கு வர்ற வழி மாறுதா? இந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு. காதை மட்டும் நம்பிப் பிரிக்க முடியாது. கழிச்சுப் பார்த்தா பிரிஞ்சிடும்.

எல்லா டிராக்கையும் ஒரே ஃபோல்டருக்குள்ள போடுங்க. மாஸ்டர்ல இருக்கிற ஈக்யூ, லிமிட்டர் ரெண்டையும் அந்த ஃபோல்டர் டிராக்குக்கு இழுத்து விட்டுட்டு மாஸ்டரைக் காலியா வைங்க. இப்ப ரெண்டர் எடுங்க. வந்த ஃபைலை ஃபோல்டருக்கு வெளியே புது டிராக்ல, தொடக்கம் சாம்பிள் பிசகாம பொருந்துற மாதிரி வைங்க. ஃபேடர் பூஜ்யத்துல இருக்கட்டும். அந்த டிராக்ல வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினா அலை தலைகீழாகும். அப்புறம் ரெண்டையும் சேர்த்து ஓடவிடுங்க. ரெண்டும் ஒண்ணுன்னா மேலேயும் கீழேயும் சமமா அடிபட்டு மௌனம்தான் மிஞ்சும். மீட்டர்ல -140 பக்கம் ஏதாவது மினுக்கினா அது 24 பிட்டுக்கு வெட்டினப்ப விழுந்த தூசு, கண்டுக்காதீங்க.

மாஸ்டரைக் காலி பண்ணச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. ஈக்யூ, லிமிட்டர் மாதிரி பிளக்கின் அங்கேயே இருந்தா ரெண்டர் ஃபைல் இரண்டாவது தடவையும் லிமிட்டருக்குள்ள போகும். நிறைய பேர் அங்கதான் கோட்டை விட்டுட்டு 'ரெண்டர் சரியில்லை'ன்னு முடிவு கட்டறாங்க.

ஆடிமாசப்பாட்டு:
செஞ்சேன் அண்ணா. மௌனம் வரலை. பம்பை அடிக்கிற இடத்துல எல்லாம் டிக் டிக்னு வருது, மீட்டர் -28 வரைக்கும் போகுது. ஸ்ட்ரிங்ஸ் மெல்லிசா நீந்துது. பம்பை விழுற நேரத்துல குரலும் லேசா பேய் மாதிரி எட்டிப் பாக்குது. அப்ப ரெண்டர்தானே மாத்துது?

ஒலிப்பித்தன்:
அவசரப்படாதீங்க. லிமிட்டரை ஆஃப் பண்ணிட்டு இன்னொரு ரெண்டர் எடுங்க. லிமிட்டர் இல்லாததால சிகரங்கள் பூஜ்யத்தைத் தாண்டும். அதனால இந்தத் தடவை 32 பிட் ஃப்ளோட்ல எடுங்க. ஃப்ளோட் ஃபைல்ல பூஜ்யத்துக்கு மேலே போனதும் அப்படியே பத்திரமா இருக்கும். 24 பிட்ல எடுத்தா பூஜ்யத்துல சீவிடும்.

அந்தக் குரல் பேய்க்குக் காரணம் இதுதான்: லிமிட்டர் பம்பையோட சிகரத்தைப் பாத்துட்டு மொத்தப் பாட்டையும் அமுக்குது. பம்பை ஓட்டத்துக்கு ஓட்டம் கொஞ்சம் மாறினா, அமுக்குற அளவும் மாறும். குரல் மாறாம இருந்தாலும் அதோட எச்சம் வெளியே தெரியும்.

ஆடிமாசப்பாட்டு:
இப்ப குரல் சுத்தமா மறைஞ்சிடுச்சு. பாஸும் இல்ல, உடுக்கையும் இல்ல. பம்பையும் ஸ்ட்ரிங்ஸும் மட்டும் மிச்சம்.

கும்பகோணம்_கீஸ்:
மிச்சம் இருக்கிற ரெண்டுக்கும் நான் சொல்றேன். பம்பை லைப்ரரில ஒரே அடிக்கு நாலஞ்சு பதிவு வெச்சு மாத்தி மாத்தி வாசிப்பாங்க, இல்லேன்னா மெஷின் கன் மாதிரி கேட்கும். ரெண்டாவது தடவை ஓட்டும்போது எந்தப் பதிவுல இருந்து ஆரம்பிக்கும்னு சொல்ல முடியாது. சிலது வேணும்னே குலுக்கல் முறைல எடுக்கும். ஸ்ட்ரிங்ஸ்ல கோரஸ் இருக்கா? அதுக்குள்ள ஒலியை மெல்ல அலைய வெச்சுக்கிட்டுச் சுத்துற எல்எஃப்ஓ நீங்க பிளே அழுத்துறதுக்காகக் காத்திருக்காது, அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கும். பழைய அனலாக் சிந்த் மாதிரி செஞ்ச பிளக்கின்கள்ல சுருதி லேசா அலையறதும் இதே வகை.

ரீப்பர்லயே ரெண்டு தடவை பிளே பண்ணினாலும் ரெண்டும் ஒண்ணா இருக்காது. ரெண்டரும் இன்னொரு ஓட்டம், அவ்வளவுதான். பிடிச்ச ஓட்டம் வேணும்னா அந்த டிராக்கை ஃப்ரீஸ் பண்ணி ஆடியோவா ஆக்கிடுங்க. நான் மிக்ஸ் தொடங்கறதுக்கு முன்னாடியே எல்லா சாம்பிளரையும் ஆடியோவா இறக்கிடுவேன். ஆன்லைன் ரெண்டர் பத்தி நான் மேலே சொன்னது உங்களுக்குத் தேவைப்படாது. நோட் எதுவும் விடுபட்டதா தெரியலை.

ஒலிப்பித்தன்:
உங்க புகார் என்ன? பாஸ் வீங்குது, குரல் பின்னாடி போகுது. கழிச்சதுல சுத்தமா மறைஞ்சது எது? அதே பாஸும் குரலும். அதனால அந்தப் புகாருக்கு ஃபைல்ல விடை கிடைக்காது. இப்ப காதுக்கு வர்ற வழியைப் பாப்போம். ரீப்பர் வியூ மெனுவுல மானிட்டரிங் எஃப்எக்ஸ்னு ஒண்ணு இருக்கும். அதுல ஏதாவது உட்கார்ந்திருக்கா?

ஆடிமாசப்பாட்டு:
ஆமா அண்ணா. ஹெட்போனைச் சமப்படுத்துற கரெக்‌ஷன் பிளக்கின் போட்டிருக்கேன். என் ஹெட்போன் பாஸ் தூக்கலான ரகம். அந்த பிளக்கின் பாஸைக் கீழே இறக்கி, குரல் இருக்கிற நடுப்பகுதியைக் கொஞ்சம் தூக்கும்.

ஒலிப்பித்தன்:
அங்கதான் விஷயம் இருக்கு. மானிட்டரிங் எஃப்எக்ஸ்ல இருக்கிறது உங்க காதுக்கு மட்டும். ரெண்டருக்குள்ள அது போகாது, போகவும் கூடாது. அதுக்காகத்தான் அப்படி ஒரு இடமே வெச்சிருக்காங்க. அதையே மாஸ்டர்ல போட்டிருந்தா உங்க ஹெட்போனோட குறைக்கான மருந்து பாட்டு கேட்கிற எல்லாருக்கும் போயிருக்கும். அந்த மாதிரி வெளிவந்த பாட்டுகளையும் கேட்டிருக்கேன். ஒல்லியா, சளி பிடிச்ச மாதிரி இருக்கும்.

லேப்டாப் பிளேயர்ல திறக்கும்போது நடுவுல கரெக்‌ஷன் இல்லை. ஹெட்போன் தன் சுபாவத்துக்குப் பாஸைத் தூக்குது, குரல் உள்ளே போகுது.

பீட்_தம்பி:
அப்ப கரெக்‌ஷனைத் தூக்கிட்டு மிக்ஸ் பண்ணச் சொல்றீங்களா? ஜனங்க யாரும் கரெக்‌ஷன் போட்டுக் கேட்கப் போறதில்லையே.

சுருதிப்பெட்டி:
தம்பி கேட்டது நியாயமான கேள்வி. ஆனா கரெக்‌ஷனைத் தூக்கிட்டா உங்க ஹெட்போனோட பாஸ் வீக்கத்துக்கு ஏத்த மாதிரி பாட்டுல பாஸைக் குறைச்சிடுவீங்க. வேற ஸ்பீக்கர்ல அது சோகையாக் கேட்கும். ஆடிமாசம், ஒண்ணு செய்ங்க. உங்களுக்குப் பழக்கமான, வெளிவந்த ஒரு பாட்டை எடுங்க. குரல் முன்னாடி நிக்கிற பாட்டா இருக்கட்டும். அதை ரீப்பர்ல கரெக்‌ஷனோட கேளுங்க, பிளேயர்ல கரெக்‌ஷன் இல்லாம கேளுங்க. பிளேயர்ல அந்தப் பாட்டோட குரலும் அதே அளவு உள்ளே போனா உங்க மிக்ஸ்ல குறை இல்லை, அது ஹெட்போனோட குணம். அந்தக் குரல் அசையாம நின்னு உங்க குரல் மட்டும் போனா, எக்ஸ்போர்ட்டை விட்டுட்டு மிக்ஸைத் திறந்து வேலை பாருங்க.

ரெண்டையும் ஒரே சத்த அளவுல கேளுங்க, இது முக்கியம். ஒரு டெசிபல் கூடுதலா இருக்கிறதைக்கூட காது 'சத்தம் அதிகம்'னு சொல்லாது, 'நல்லா இருக்கு'ன்னுதான் சொல்லும். போதாததுக்கு, சத்தம் குறையும்போது காது பாஸைத்தான் முதல்ல விடும். 1933லயே பெல் ஆய்வகத்துல ஃபிளெட்சர், மன்சன் ரெண்டு பேரும் இதை அளந்து வளைகோடா போட்டுட்டாங்க. ரீப்பர்ல ஒரு சத்தத்துலயும் பிளேயர்ல இன்னொரு சத்தத்துலயும் கேட்டா, ஒரே ஃபைல் ரெண்டு ஈக்யூ போட்ட மாதிரித்தான் இருக்கும். வெளிவந்த பாட்டு மாஸ்டர் ஆனது, உங்களதைவிடச் சத்தமா இருக்கும். லவுட்னஸ் மீட்டர் வெச்சு அதைக் கீழே இறக்கிட்டு ஒப்பிடுங்க.

ஆடிமாசப்பாட்டு:
அக்கா, செஞ்சு பார்த்தேன். வெளிவந்த பாட்டுலயும் பாஸ் வீங்குது, ஆனா குரல் என்னோட குரல் அளவுக்கு உள்ளே போகலை. அப்ப பாதி ஹெட்போன், பாதி என் மிக்ஸ். குரலுக்கு 300 ஹெர்ட்ஸ் பக்கம் பாஸும் ஸ்ட்ரிங்ஸும் சேர்ந்து முட்டுதுன்னு நினைக்கிறேன். அதைப் பாத்துக்கறேன்.

விண்டோஸ் முழுக்கவே கரெக்‌ஷன் போட வழி இருக்கா?

ஒலிப்பித்தன்:
ஈக்வலைசர் ஏபிஓன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. விண்டோஸ் மிக்ஸர் வழியா வர்ற எல்லாத்துக்கும் ஈக்யூ போடும். ஆசியோங்கிற ஆடியோ டிரைவர் விண்டோஸ் மிக்ஸரைச் சுத்திக்கிட்டு நேரா இன்டர்ஃபேஸுக்குப் போறதால, ரீப்பர்ல ஆசியோ வெச்சிருந்தா அது அங்க எட்டாது. அதனால ரீப்பர்ல மானிட்டரிங் எஃப்எக்ஸ், வெளியே ஏபிஓ. ரெண்டு தடவை ஏறிடுமோன்னு பயப்பட வேணாம்.

இதே காரணத்தால ஆசியோல கேட்கிறதும் பிளேயர்ல கேட்கிறதும் வேற வேற பாதை. விண்டோஸ் மிக்ஸர் சாம்பிள் ரேட்டை மாத்தலாம். லேப்டாப்போட சொந்த ஸ்பீக்கர்னா கம்பெனிக்காரங்க 'ஆடியோ என்ஹான்ஸ்மெண்ட்'னு பாஸ் பூஸ்ட், லவுட்னஸ் ஈக்வலைசேஷன் எல்லாம் திணிச்சு அனுப்பியிருப்பாங்க. சவுண்ட் செட்டிங்ல போய் அதை முதல்ல ஆஃப் பண்ணுங்க. போன்லயும் சினிமா, மியூசிக்னு ஒரு மோடு இருக்கும், அதையும்.

வல்வை_ஒலி:
வணக்கம், குறுக்க ஒரு விசயம். எங்களிட்ட ஒரு வீடியோக்காரர் பாட்டைப் போட்டுப்போட்டு, பாட்டு மெதுவாய்ப் போகுது, பாடினவவின்ர குரல் கனத்துப் போச்சு எண்டு சொன்னார். நாங்கள் 48 கிலோஹெர்ட்ஸிலை குடுத்த ஃபைலை அவற்றை சிஸ்டம் 44.1 எண்டு நினைச்சு வாசிச்சிருக்கு. எட்டு வீதம் வேகம் குறையும், சுருதி கிட்டத்தட்ட ஒண்டரை செமிட்டோன் இறங்கும். ஆருக்கேனும் எக்ஸ்போர்ட்டிலை சுருதி மாறினால் வேறை ஒண்டும் தேடாதேங்கோ, முதலிலை இதைப் பாருங்கோ.

பீட்_தம்பி:
இன்னும் யாரும் எஃப்எல் சவுண்டு பத்திப் பதில் சொல்லலை. ஒரே ஸ்டெம்களை (குரல், பாஸ்னு தனித்தனியா இறக்கின ஃபைல்கள்) ரீப்பர்லயும் எஃப்எல்லயும் போட்டுக் கேட்டேன், ரெண்டும் வேற வேற. இது நிஜம்.

ஒலிப்பித்தன்:
வேற வேறயா கேட்டது நிஜமாவே இருக்கலாம், மறுக்கலை. காரணம்தான் வேற. டிராக்குகளைச் சேர்க்கிறது வெறும் கூட்டல். ரெண்டும் ஃப்ளோட்லதான் கூட்டுது; கூட்டல்ல ஒருத்தருக்கு இனிப்பு, ஒருத்தருக்குக் கசப்புன்னு கிடையாது. உங்க ஸ்டெம்கள்ல மோனோ ஃபைல் இருந்துச்சா? மோனோவை நடுவுல வைக்கும்போது எவ்வளவு குறைக்கணும்ங்கிற பேன் லா ஒவ்வொரு சாஃப்ட்வேர்லயும் வேற. ஒண்ணுல குறைக்காது, ஒண்ணுல 3 டெசிபல் குறைக்கும். நடுவுல குரலும் பாஸும், ஓரத்துல ஸ்டீரியோ ஸ்ட்ரிங்ஸ்னா மொத்த எடையே மாறிடும். பேன் லாவை ஒண்ணாக்கி, கழிச்சுப் பாருங்க.

அதோட, நேரடி ஓட்டத்துக்கும் ரெண்டருக்கும் நிஜமான வித்தியாசம் வர வாய்ப்பு எஃப்எல்லதான் அதிகம். எக்ஸ்போர்ட் விண்டோல, சாம்பிளைச் சுருதி மாத்தி வாசிக்கிற ரீசாம்பிளிங்கோட தரத்தைத் தனியாத் தேர்ந்தெடுக்கலாம், 512 புள்ளி சிங்க் வரைக்கும். நேரடி ஓட்டத்துக்கு வேற செட்டிங், அது பெரும்பாலும் குறைவாத்தான் இருக்கும். சாம்பிளை ரெண்டு ஆக்டேவ் தூக்கி வாசிச்சா உயர் பகுதில அந்த வித்தியாசம் காதுக்கே தெரியும். 'எல்லா பிளக்கினுக்கும் ஹெச்க்யூ'ன்னு ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டா சில பிளக்கின்கள் ரெண்டர் நேரத்துல மட்டும் ஓவர்சாம்பிளிங்கை (கூடுதல் சாம்பிள் ரேட்டுல கணக்குப் போடறது) ஏத்திக்கும். டிஸ்டார்ஷன் வகைகள்ல நிறமே மாறும். சொல்லப்போனா இந்த இழைக்கு எஃப்எல் ப்ராஜெக்ட்தான் நல்ல உதாரணமா இருந்திருக்கும்.

பீட்_தம்பி:
குரல் மோனோதான். பேன் லா பாத்துட்டு வர்றேன்.

சுருதிப்பெட்டி:
ஆடிமாசம், பம்பை விஷயம் அப்படியே நிக்குது. பம்பையை எப்படி விரிச்சீங்க?

ஆடிமாசப்பாட்டு:
டிராக்கை டூப்ளிகேட் பண்ணி ஒண்ணை முழு இடது, ஒண்ணை முழு வலது. வலதுல அந்த வட்டப் பட்டனை அழுத்தியிருக்கேன். நல்லா விரியும்னு ஒரு வீடியோல சொன்னாங்க.

சுருதிப்பெட்டி:
விரியத்தான் செய்யும். ஆனா நீங்க மேலே ஃபைலைக் கழிக்க அழுத்தின அதே பட்டன்தான் அது. ஒற்றை ஸ்பீக்கர் போன் இடது வலதைக் கூட்டி வாசிக்கும், பம்பை தன்னைத்தானே கழிச்சுக்கும். ரெண்டு பக்கமும் சாம்பிளர் வேற வேற பதிவை எடுக்கிறதால முழுக்க மறையலை. அந்தச் சுரண்டல் சத்தம் அதோட மிச்சம். ரீப்பர் மாஸ்டர்ல மோனோ பட்டன் இருக்கு, போனுக்கு அனுப்பாமலே அங்கேயே கேட்கலாம்.

பட்டனை எடுத்துடுங்க. விரிவு வேணும்னா வலதுக்கு வேற ஒரு வாசிப்பைப் போடுங்க. பம்பையே இரட்டை முழவுதானே. ஒண்ணை லேசா இடது, ஒண்ணை லேசா வலது வெச்சாலே போதும். வலதை 15 மில்லிசெகண்ட் தள்ளி வைங்கன்னு யாராவது யோசனை சொல்லுவாங்க. அது மோனோல 33, 100, 167 ஹெர்ட்ஸ்னு பள்ளம் பள்ளமாத் தோண்டும். பம்பையோட வயிறு இருக்கிற இடமே அதுதான்.

கும்பகோணம்_கீஸ்:
இன்னொண்ணு, பாட்டு முடிவுல ரிவர்ப் வெட்டுப்படுதான்னு பாருங்க. ரெண்டர் விண்டோல டெயில்னு இருக்கிறதுக்கு டிக் போட்டு நேரத்தைக் கூட்டணும். ஆயிரம் மில்லிசெகண்ட் கோயில் மண்டப ரிவர்ப்புக்குப் பத்தாது. ஸ்டெம் எடுக்கும்போது வெறும் 'செலெக்டெட் டிராக்ஸ்' போட்டா மாஸ்டர் பிளக்கின் அதுல இருக்காது. 'வயா மாஸ்டர்'னு இருக்கிறதை எடுக்கணும்.

ஆடிமாசப்பாட்டு:
பட்டனை எடுத்தாச்சு, மோனோல பம்பை திரும்பி வந்துடுச்சு. குரலுக்காக ஸ்ட்ரிங்ஸ்ல 300 பக்கம் 3 டெசிபல் இறக்கினேன். இப்ப பிளேயர்லயும் குரல் நிக்குது. யூடியூப்ல ஏத்தினதும் சத்தம் குறையுதுன்னு சொல்றாங்களே, அதுக்கு என்ன பண்ணணும்?

சுருதிப்பெட்டி:
-14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (பாட்டோட சராசரி சத்த அளவு) மேலே சத்தமா இருந்தா யூடியூப் இறக்கிடும். ஸ்பாட்டிஃபையும் சாதாரண செட்டிங்ல அதே -14. ஆப்பிள் மியூசிக்ல சவுண்ட் செக் போட்டா -16. வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பாத்தா உங்க பாட்டு எத்தனை டெசிபல் தாண்டியிருக்குன்னு 'கன்டென்ட் லவுட்னஸ்'னு காட்டும். அதுக்காக -14க்கு நேரா வெட்டிக் கொடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பாட்டு எந்த இடத்துல மூச்சு விடுதோ அங்க நிறுத்துங்க. லிமிட்டர்ல உச்சத்தை மட்டும் ட்ரூ பீக் (சாம்பிள்களுக்கு நடுவுல வர்ற சிகரத்தையும் சேர்த்த உச்சம்) -1 டெசிபல்ல வைங்க. எம்பி3யாவோ ஏஏசியாவோ மாறும்போது அலை கொஞ்சம் உருமாறி, வேவ்ல பூஜ்யத்துக்குள்ள இருந்த சிகரம் மேலே எகிறும். எம்பி3ல மட்டும் கரகரப்பு கேட்குதுன்னு வர்ற புகார்ல பாதி இதுதான்.

ஆடிமாசப்பாட்டு:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. ஒரு கடைசி சந்தேகம். ஊர்க் கூழ் ஊத்துற அன்னிக்கு மைக்செட்ல இதைப் போடணும்னு கேட்டிருக்காங்க. பென் டிரைவ்ல எதைக் கொடுக்கிறது? குழாய் ஸ்பீக்கர், மரத்துல கட்டுவாங்க.

ஒலிப்பித்தன்:
24 பிட் வேவ் கொடுக்காதீங்க. மைக்செட் பெட்டில இருக்கிற யூஎஸ்பி போர்டு நிறையப் பேரிட்ட எம்பி3 மட்டும்தான் வாசிக்கும். 320 கேபிபிஎஸ்ல எம்பி3 எடுங்க, 44.1 கிலோஹெர்ட்ஸ். ஸ்டீரியோவா கொடுக்காம ரீப்பர்லயே மோனோவா ரெண்டர் எடுத்துக் கொடுங்க. சில இடத்துல ஒத்தை வயர்ல இடது பக்கத்தை மட்டும் ஆம்புக்கு இழுத்திருப்பாங்க, வலதுல வெச்ச உடுக்கை அப்படியே போயிடும். குழாய்ல பாஸ் எப்படியும் வராது, அந்த பிரிண்ட்ல மட்டும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிடுங்க; அது ஆம்பைத்தான் வீணாத் தின்னும். குரலை ஒரு டெசிபல் தூக்குங்க. ரிவர்ப்பைப் பாதியா குறைங்க, தெருவே போதுமான எதிரொலியைக் கொடுக்கும். ஃபைல் பேரை இங்கிலீஷ் எழுத்துல சின்னதா வைங்க. தமிழ்ப் பேரு அந்த போர்டுல கட்டம் கட்டமாத்தான் தெரியும், மைக்செட்காரர் வேற பாட்டைப் போட்டுடுவார்.